நெட் கெல்லி: தூக்கு 1880-இல், அடக்கம் 2013-இல்

“நெட் கெல்லி என்ற ஆஸ்திரேலியக் கொள்ளையரை 1880-இல் தூக்கிலிட்டதாக ஓரிடத்தில் படித்தேன். 2013-இல் அடக்கம் செய்ததாக இன்னோரிடத்தில் படித்தேன். இதில் எது சரி? மூன்று போலீஸ்காரர்களைக் கொன்றவரை அந்த நாடு ஏன் இன்னும் மறக்காமல் வைத்திருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு ஆண்டுகளுமே சரி. 1880 நவம்பர் 11 அன்று மெல்பர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டவர், 2013 ஜனவரி 20 அன்றுதான் தன் ஊர்க் கல்லறைக்கு வந்து சேர்ந்தார். இடையில் 132 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்த உடல் பட்ட பாட்டைச் சொல்லாமல் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தூக்குக்கு முந்தின நாள் கெல்லி சிறையறையிலிருந்து, மெல்பர்னைத் தலைநகராகக் கொண்ட விக்டோரியா காலனியின் ஆளுநருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கையில் தோட்டாக் காயம் இருந்ததால் அவரால் எழுத முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறுக்குக் குறி மட்டும் போட்டார். கடிதத்தின் முடிவில் இரண்டு வேண்டுகோள்கள் இருந்தன. அதே சிறையில் தண்டனை அனுபவித்துவந்த தன் தாயை, தன்னைத் தூக்கிலிடும் முன்பே விடுதலை செய்ய வேண்டும் என்பது ஒன்று. தன் உடலைத் தன்னைச் சேர்ந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் அதை மந்திரித்த மண்ணில், அதாவது திருச்சபை புனிதப்படுத்திய கல்லறை நிலத்தில், புதைப்பார்கள் என்பது மற்றொன்று. அரசு இரண்டையும் ஏற்கவில்லை. தாய் எல்லன் 1881 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். இரண்டாவது வேண்டுகோள் நிறைவேற எத்தனை காலம் ஆயிற்று என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

கெல்லியை ஆஸ்திரேலியர்கள் ‘புஷ்ரேஞ்சர்’ என்பார்கள். ஊர்களுக்கு வெளியே விரிந்து கிடக்கும் காட்டையும் புதர்வெளியையும் அங்கே ‘புஷ்’ என்று சொல்வது வழக்கம். பிரிட்டனிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் தப்பி ஓடி, அந்தப் புதர்களில் பதுங்கி வழிப்பறி செய்த காலத்தில் பிறந்த சொல் அது. 1850-களில் தங்கம் கிடைக்கத் தொடங்கிய பிறகு தங்க வண்டிகளையும் வங்கிகளையும் குறிவைத்த உள்ளூர் இளைஞர்களுக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வரிசையின் கடைசிப் பெரிய பெயர் கெல்லி.

தந்தை ஜான் கெல்லி, அயர்லாந்தின் டிப்பரேரிப் பகுதியில் இரண்டு பன்றிகளைத் திருடியதற்காக, இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்குக் கடத்தப்பட்டவர். தண்டனை முடிந்து விக்டோரியாவுக்கு வந்து எல்லன் குவின்னை மணந்தார். 1866-இல், நெட் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். அதற்குச் சற்று முன்பு ஆவனெல் என்ற ஊரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். ஓடையில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவனை நெட் நீந்திப்போய்க் காப்பாற்றினான். அந்தக் குடும்பம் நன்றியாகப் பொன்னிறக் குஞ்சம் வைத்த பச்சைப் பட்டு இடைக்கச்சை ஒன்றைப் பரிசளித்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, கடைசிச் சண்டையில் அவரைப் பிடித்தபோது இரும்புக் கவசத்துக்கு அடியில் அந்தக் கச்சையைத்தான் கட்டியிருந்தார். இரத்தக் கறையோடு அது இன்றும் பெனல்லா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் செய்த எதையும் அந்தக் கச்சை மாற்றிவிடாது. ஆனாலும், தன் வாழ்நாளில் ஊரார் கையால் பெற்ற அந்த ஒரே மரியாதையை அவர் கடைசிவரை உடலோடு வைத்திருந்தார் என்பதைக் கடந்து போக என்னால் முடியவில்லை.

வடகிழக்கு விக்டோரியாவில் அப்போது நிலத் தகராறு கொதித்துக்கொண்டிருந்தது. பல்லாயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை வளைத்துவைத்திருந்த பெரும் பண்ணையார்கள் ஒருபுறம், அரசிடம் தவணையில் சிறு துண்டு நிலம் வாங்கிப் பிழைக்கப் பார்த்த ஏழை விவசாயிகள் மறுபுறம். எல்லன் கெல்லியும் அப்படி ஒரு துண்டு நிலத்தில் பிள்ளைகளோடு காலம் தள்ளியவர்தான். மாடு, குதிரை காணாமல் போனால் போலீஸ் முதலில் தேடிவருவது இப்படிப்பட்ட குடும்பங்களின் வாசலுக்கு. அந்தச் சந்தேகம் பல நேரம் சரியாகவும் இருந்தது. நெட்டும் அவருடைய உறவினர்களும் குதிரை திருடினார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. திருட்டுக் குதிரையை வைத்திருந்ததற்காக அவர் பதின்வயதிலேயே மூன்று ஆண்டு தண்டனை பெற்றார்.

1878 ஏப்ரல் 15 அன்று ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற போலீஸ்காரர், நெட்டின் தம்பி டேனைக் கைது செய்யக் கெல்லி வீட்டுக்குத் தனியாகப் போனார். அங்கே ஏற்பட்ட கைகலப்பில் நெட் தன் மணிக்கட்டில் சுட்டதாக அவர் புகார் கொடுத்தார். நெட் தான் அங்கே இல்லவே இல்லை என்றார். எல்லனைக் கொலை முயற்சிக்கு உடந்தை என்று கைது செய்து, கைக்குழந்தையோடு சிறையில் அடைத்தார்கள். நீதிபதி ரெட்மண்ட் பேரி அவருக்கு மூன்று ஆண்டு கடுங்காவல் விதித்தார். ஃபிட்ஸ்பேட்ரிக்கை 1880-இல் போலீஸ் துறையே ஒழுங்கீனத்துக்காக வேலையிலிருந்து நீக்கிவிட்டது. அதனால் எல்லனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் உள்ளேயேதான் இருந்தார்.

இனி ஸ்ட்ரிங்கிபார்க் ஓடை. கெல்லியை நேசிப்பவர்கள் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். அப்படிக் கடக்கக் கூடாது. 1878 அக்டோபர் 26 அன்று, கெல்லி சகோதரர்களைத் தேடிப்போன நான்கு போலீஸ்காரர்கள் காட்டில் கூடாரம் அடித்திருந்தார்கள். நெட், டேன், நண்பர்கள் ஜோ பைர்ன், ஸ்டீவ் ஹார்ட் ஆகிய நால்வரும் அந்த முகாமைச் சூழ்ந்தார்கள். லோனிகன் முதலில் சுடப்பட்டு இறந்தார். ரோந்து போய்த் திரும்பிய சார்ஜென்ட் கென்னடியும் ஸ்கேன்லனும் அடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஸ்கேன்லன் அங்கேயே விழுந்தார். நான்காமவரான மெக்கின்டயர் ஒரு குதிரையில் ஏறித் தப்பினார். கென்னடி மரத்துக்கு மரம் மறைந்து, சுட்டுக்கொண்டே பின்வாங்கினார். காயம்பட்டு வீழ்ந்தவரை நெட் அருகிலிருந்து சுட்டுக் கொன்றார். துன்பத்திலிருந்து விடுவிக்கவே சுட்டேன் என்று பின்னால் சொன்னார். கென்னடியின் பைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கென்னடிக்கும் லோனிகனுக்கும் மனைவியும் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். கொல்லப்பட்ட மூவருமே அயர்லாந்தில் பிறந்து பிழைப்பு தேடி வந்தவர்கள். கெல்லியின் குடும்பம் எந்த மண்ணிலிருந்து வந்ததோ அதே மண்.

அதன் பிறகு விக்டோரியா ஒரு தனிச் சட்டம் இயற்றி நால்வரையும் சட்டத்துக்குப் புறம்பானவர்கள் என்று அறிவித்தது. யார் வேண்டுமானாலும் அவர்களைச் சுடலாம், எச்சரிக்கையே தேவையில்லை. கும்பல் யூரோவாவிலும், எல்லை தாண்டி ஜெரில்டெரியிலும் வங்கிகளைக் கொள்ளையடித்தது. ஒவ்வொன்றிலும் 2,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. நால்வர் தலைக்கும் சேர்த்து வெகுமதி 8,000 பவுண்டு வரை ஏறியது. அப்படியும் யாரும் அவர்களைப் பிடித்துக் கொடுக்க முன்வரவில்லை. இதற்குக் காரணம் அன்பு மட்டும் என்று சொல்ல மாட்டேன். பயமும் இருந்தது. ஆனால் அரசு தானாகவே ஆதரவாளர்களை உண்டாக்கிக் கொடுத்தது. 1879 ஜனவரியில் இருபதுக்கும் மேற்பட்ட விவசாயிகளைக் கெல்லிக்கு உதவுபவர்கள் என்று சொல்லிச் சாட்சியம் ஏதும் இல்லாமலே வாரக்கணக்கில் காவலில் வைத்தார்கள். அறுவடைக் காலத்தில் வயலை விட்டுச் சிறையில் கிடந்தவனும் அவன் வீட்டாரும் அதன் பின் யார் பக்கம் நின்றிருப்பார்கள்?

ஜெரில்டெரியில் நடந்த கொள்ளையைவிட அங்கே கெல்லி விட்டுச்சென்ற கடிதம் முக்கியமானது. அவர் சொல்லி ஜோ பைர்ன் எழுதியது, ஏறக்குறைய 8,000 சொற்கள். தன் குடும்பம் பட்ட அவமானம், போலீஸ் மீதான ஆத்திரம், ஸ்ட்ரிங்கிபார்க் கொலைகளுக்கு அவர் சொல்லும் நியாயம், எதிரிகளுக்கு விடும் மிரட்டல் எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டிக் கிடக்கும். உள்ளூர் பத்திரிகைக்காரரிடம் அச்சிடக் கொடுக்க வந்தார். அவர் ஊரை விட்டு ஓடியிருந்ததால் வங்கிக் கணக்கரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கணக்கர் அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. முழுக் கடிதமும் அச்சில் வந்தது 1930-இல்தான். மூலப்பிரதி இப்போது விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது. வடகிழக்கு விக்டோரியாவைத் தனிக் குடியரசாக அறிவிக்கக் கெல்லி திட்டமிட்டிருந்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒரு பிரகடனத்தின் பிரதி எங்கும் கிடைத்ததில்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடிதத்தில் இருக்கும் கோபமே அவரைப் புரிந்துகொள்ளப் போதுமானது.

1880 ஜூன் இறுதியில் கிளென்ரோவன். தங்களைக் காட்டிக்கொடுத்ததாகச் சந்தேகித்த பழைய நண்பர் ஆரன் ஷெரிட்டைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அந்தச் செய்தி கேட்டு வரும் போலீஸ் ரயிலைக் கவிழ்க்கத் தண்டவாளத்தைப் பெயர்த்துவைத்தார்கள். ஊர் மக்கள் அறுபது பேர் அளவில் ஆன் ஜோன்ஸ் என்பவரின் விடுதியில் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். ரயில் கவிழ்ந்திருந்தால் போலீஸ்காரர்கள், பழங்குடித் தடமறிவோர், பத்திரிகையாளர்கள் என்று உள்ளே இருந்தவர்கள் கூட்டமாக இறந்திருப்பார்கள். இதைத் தடுத்தவர் தாமஸ் கர்னோ என்ற பள்ளி ஆசிரியர். கெல்லியிடம் நயமாகப் பேசி வீட்டுக்குப் போக அனுமதி வாங்கினார். இருட்டில் தண்டவாளத்தோரம் ஓடி, சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்து ரயிலை நிறுத்தினார். அந்த இரவின் உண்மையான வீரர் யார் என்று என்னைக் கேட்டால் கர்னோவின் பெயரைத்தான் சொல்வேன். பழிவாங்கலுக்கு அஞ்சி அவர் அந்தப் பகுதியை விட்டே போக வேண்டியிருந்தது.

கும்பல் அணிந்திருந்த இரும்புக் கவசங்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏர்க்கலப்பையில் மண்ணைப் புரட்டிப்போடும் இரும்புத் தகடுகளை வளைத்துச் செய்தவை அவை. நெட்டின் கவசம் மட்டும் 44 கிலோ எடை. கொல்லர்கள் பட்டறையில் அடித்துக் கொடுத்தார்களா, காட்டில் அவர்களே அடுப்பு மூட்டிச் செய்துகொண்டார்களா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 2003-இல் சிட்னிக்கு அருகிலுள்ள அணு ஆய்வு மையத்தில் ஜோ பைர்னின் கவசத்தைச் சோதித்தபோது, இரும்பு சீராகச் சூடேறியிருக்கவில்லை என்றும், காட்டு அடுப்பில் காய்ச்சி அடித்ததற்கே அது பொருந்துகிறது என்றும் தெரிந்தது. நெட்டின் கவசம் மெல்பர்ன் மாநில நூலகத்தில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் தோட்டா பட்ட குழிகளைப் பார்க்கலாம். கவசம் தலையையும் மார்பையும் காத்தது, கால்களை விட்டுவிட்டது.

காலில்தான் சுட்டார்கள். விடியற்காலை மூடுபனியில், போலீஸ் வளையத்துக்குப் பின்னாலிருந்து கவசத்தோடு நடந்துவந்த அவரைக் கீழே வீழ்த்திப் பிடித்தார்கள். ஜோ பைர்ன் விடுதிக்குள்ளேயே தோட்டா பட்டு இறந்திருந்தார். மதியம் போலீஸ் விடுதிக்குத் தீ வைத்தது. கிப்னி என்ற கத்தோலிக்கக் குரு எரியும் கட்டடத்துக்குள் நுழைந்து பார்த்தபோது டேனும் ஸ்டீவும் பிணமாகக் கிடந்தார்கள். பிணைக்கைதிகளிலும் சாவு. விடுதிக்காரரின் பதின்மூன்று வயது மகன் ஜான் ஜோன்ஸ் போலீஸ் தோட்டாவுக்குப் பலியானான். ஜோ பைர்னின் உடலைப் பெனல்லா காவல் நிலையக் கதவில் கட்டித் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுக்க விட்டார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் நிதானமான முகங்கள்தான் அதில் என்னை அதிகம் உறுத்துகின்றன.

வழக்கு இரண்டே நாள், அக்டோபர் 28, 29. லோனிகனைக் கொன்ற குற்றம். நீதிபதி அதே ரெட்மண்ட் பேரி. மரண தண்டனையை வாசித்து, ஆண்டவர் உன் ஆன்மாவுக்கு இரங்கட்டும் என்று வழக்கமான வாக்கியத்தை அவர் முடித்ததும், அதற்கும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், நான் போகுமிடத்தில் உங்களைச் சந்திப்பேன் என்றார் கெல்லி. தூக்கு நிறைவேறிய பன்னிரண்டாம் நாள், நவம்பர் 23 அன்று, பேரி நோயால் இறந்தார். கதை சொல்பவர்கள் இந்தத் தற்செயலை விடவே மாட்டார்கள். மெல்பர்ன் நகரில் தண்டனையைக் குறைக்கக் கோரிப் பெருங்கூட்டங்கள் நடந்தன. 30,000-க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அரசு அசையவில்லை.

நவம்பர் 11, காலை 10 மணி. வயது 25. கடைசி வார்த்தை என்ன என்பதில் அன்றைய பத்திரிகைகளே ஒத்துப்போகவில்லை. “வாழ்க்கை இவ்வளவுதான்” என்றதாக எழுதியவர்களும் உண்டு. “சரி, இதில்தான் வந்து நிற்கும் போலிருக்கிறது” என்ற பொருளில் ஏதோ சொன்னதாக எழுதியவர்களும் உண்டு. மக்கள் நினைவில் நிலைத்தது முதல் வாக்கியம். அதை இன்று பச்சைகுத்திக்கொள்பவர்கள் கூட இருக்கிறார்கள்.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட விஷயம். உடலை இறக்கியதும் தலைமுடியையும் தாடியையும் மழித்து, முகத்தில் சாந்து பூசி மரண முகமூடி வார்த்தார்கள். வார்த்தவர் ஒரு மெழுகுச் சிலைக் காட்சிசாலை நடத்தியவர். மண்டையின் மேடு பள்ளங்களைப் பார்த்துக் குற்றவாளியின் குணத்தைச் சொல்லலாம் என்று நம்பிய காலம் அது. உடலை அறுத்தார்கள், மண்டை ஓட்டையும் ரம்பத்தால் அறுத்தார்கள். மிஞ்சியதைச் சிறை வளாகத்துக்குள், சடங்கோ பெயரோ இல்லாமல் புதைத்தார்கள். இடம் அடையாளம் தெரியப் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. தூக்கிலிட்டவர்களைச் சிறைக்குள்ளேயே புதைப்பது எல்லாருக்கும் பொதுவான விதிதான். கெல்லி விஷயத்தில் அந்த விதிக்கு இன்னொரு பயனும் இருந்தது: கல்லறை என்று ஒன்று இருந்தால் அங்கே ஆட்கள் கூடுவார்கள்.

கல்லறை இல்லாத இடத்தில் கூட்டம் எலும்பைத் தேடிக் கூடியது. 1929-இல் சிறையின் ஒரு பகுதியை இடித்துத் தொழிற்கல்லூரிக் கட்டடம் எழுப்ப மண்ணைத் தோண்டினார்கள். கெல்லியின் குழி திறந்துவிட்டது என்று செய்தி பரவியதும் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் மாணவர்களும் பாய்ந்து எலும்புகளை நினைவுப் பொருள்போல அள்ளிக்கொண்டு போனார்கள். சிலவற்றை அதிகாரிகள் மீட்டார்கள். கிடைத்தவற்றைப் பெட்டிகளில் போட்டு பென்ட்ரிட்ஜ் சிறைக்குக் கொண்டுபோய், தூக்கிலிடப்பட்ட மற்றவர்களின் எலும்புகளோடு குழிகளில் இறக்கினார்கள். எந்தப் பெட்டியில் யார் என்ற கணக்கு காலப்போக்கில் தொலைந்துபோனது.

மண்டை ஓடு ஒன்று தனியாகப் பயணப்பட்டது. கெல்லியுடையது என்று நம்பப்பட்ட அது கான்பெராவின் உடற்கூறியல் நிறுவனத்துக்குப் போனது. பிறகு மெல்பர்னுக்குத் திரும்பி, 1970-களில் பழைய மெல்பர்ன் சிறை அருங்காட்சியகத்தில் மரண முகமூடிக்குப் பக்கத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் மேல் கெல்லியின் பெயரும் எழுதியிருந்தது. 1978 டிசம்பரில் யாரோ அதைத் திருடிவிட்டார்கள். முப்பது ஆண்டுக்கும் மேல் கழித்து, 2009 நவம்பர் 11 அன்று, அதாவது தூக்கு நாளின் நினைவு தினத்தில், மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு விவசாயி, திருடுபோனது இதுதான் என்று ஒரு மண்டை ஓட்டைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

பென்ட்ரிட்ஜ் சிறையை 1997-இல் மூடி, அந்த நிலத்தில் வீடுகள் கட்டும் திட்டம் வந்தபோது தொல்லியலாளர்கள் பழைய குழிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கலந்து கிடந்தன. விக்டோரியா தடய மருத்துவ நிறுவனம் ஆய்வை எடுத்துக்கொண்டது. டி.என்.ஏ. பரிசோதனையில் அர்ஜென்டினாவின் தடயவியல் ஆய்வகம் ஒன்று துணைநின்றது. இங்கே ஒரு சிறு விளக்கம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். தாயும் பிள்ளையும், அண்ணனும் தங்கையும், தங்கையின் மகள் வயிற்றுப் பிள்ளைகளும் ஒரே வகையைக் கொண்டிருப்பார்கள். பெண்வழி அறுபடாத வரைக்கும் தலைமுறைகள் கடந்தாலும் அது பெரிதாக மாறுவதில்லை. நெட்டின் சகோதரி எல்லனின் (தாய்க்கும் இதே பெயர்தான்) பெண்வழிக் கொள்ளுப்பேரன் ஒருவர் இரத்த மாதிரி கொடுத்தார். ஒரு மரப்பெட்டியில் இருந்த எலும்புக்கூடு அதனோடு பொருந்தியது.

டி.என்.ஏ. சொன்னதை எலும்புகளும் சொல்லின. முழங்கையிலும் கீழ்க்காலிலும் பாதத்திலும் தோட்டாக் காயங்கள் இருந்தன, பாதி ஆறிய நிலையில். ஜூன் 28-இல் சுடப்பட்டு நவம்பர் 11-இல் இறந்தவரின் எலும்பு எப்படி இருக்குமோ அப்படி. 2011 செப்டம்பர் 1 அன்று முடிவை அறிவித்தார்கள். எலும்புக்கூடு ஏறக்குறைய முழுமையாக இருந்தது. தலை இல்லை. பின்மண்டையின் ஒரு சிறு துண்டு மட்டும், ரம்பம் ஓடிய தடத்தோடு கிடைத்தது. அருங்காட்சியகத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்த்துப் போன அந்த மண்டை ஓடு கெல்லியுடையது இல்லை என்பதும் அதே ஆய்வில் உறுதியானது.

எலும்புகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி உடனே எழுந்தது. பழைய சிறை நிலத்தை வாங்கியிருந்தவர்கள் அங்கேயே ஒரு நினைவிடம் வைக்க விரும்பினார்கள். குடும்பம் எங்களிடம் கொடுங்கள் என்றது. 2012 ஆகஸ்டில் விக்டோரியா அரசு குடும்பத்தின் பக்கம் முடிவெடுத்தது. 2013 ஜனவரி 18 அன்று வாங்கரட்டா நகரின் புனித பேட்ரிக் தேவாலயத்தில் திருப்பலி நடந்தது. இரண்டு நாள் கழித்து கிரெட்டா கல்லறைத் தோட்டத்தில், 1923 வரை வாழ்ந்து மறைந்த தாய் எல்லன் கிடக்கும் மண்ணுக்கு அருகில், குடும்பத்தார் மட்டும் கூடியிருக்க இறக்கினார்கள். 1880-இல் டேனையும் ஸ்டீவையும் புதைத்ததும் அதே தோட்டத்தில்தான். யாரும் மறுபடி தோண்டிவிடாமல் இருக்கப் பெட்டியின் மேல் கான்கிரீட் ஊற்றினார்கள். பெயர்க்கல் வைக்கவில்லை.

இப்போது ஏன் மறக்கவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் காரணம், அவர் சொன்ன புகார்களில் ஒரு பகுதி உண்மை என்று அரசின் விசாரணையே காட்டியது. 1881-இல் அமைத்த அரச ஆணையம் விக்டோரியா போலீஸின் ஊழலையும் திறமையின்மையையும் அடுக்கியது. உயரதிகாரிகள் சிலர் ஓய்வில் போக நேர்ந்தது. கெல்லி செய்த கொலைகளை இது நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஏழை விவசாயி தன் குடிசையில் உட்கார்ந்து சொன்ன குறையைக் கேட்க மூன்று போலீஸ்காரர்கள் சாக வேண்டியிருந்தது என்பதே அந்தச் சமூகத்தின் மீதான பெரிய குற்றச்சாட்டு.

இரண்டாவது, அடக்க அடக்கக் கதை வளர்ந்தது. 1906 டிசம்பர் 26 அன்று மெல்பர்னில் கெல்லி கும்பலின் கதை திரைப்படமாக வெளியானது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடிய அந்தப் படத்தை உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் 2007-இல் சேர்த்தது. இன்று அதில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பகுதியே எஞ்சியிருக்கிறது. கெல்லியின் சொந்தப் பகுதியில் அதைத் திரையிட அரசு தடை போட்டது. 1911, 1912 ஆண்டுகளில் சில மாநிலங்கள் கொள்ளையர் படங்களையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்தன. ஓவியர் சிட்னி நோலன் 1946-47-இல் வரைந்த வரிசையில் கெல்லிக்கு முகமே கிடையாது. ஒரு கறுப்புச் சதுரம், கண்ணுக்கு ஒரு பிளவு, சில படங்களில் அந்தப் பிளவு வழியே வானம் தெரியும். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் அந்தச் சதுரத் தலைதான் வந்து நின்றது. துணிச்சல்காரரைப் பார்த்து ‘நெட் கெல்லி மாதிரி’ என்று சொல்வது அங்கே பழமொழியாகவே ஆகிவிட்டது. வடக்குப் பிரதேசத்தின் யாரலின் பழங்குடி மக்கள் சொல்லும் கதைகளில் கெல்லி அவர்களுடைய மண்ணுக்கே வந்த நல்லவராக இடம்பெறுகிறார். கெல்லி அங்கே போனதே இல்லை. வெள்ளையரில் நீதியின் பக்கம் நின்ற ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறார். அநீதிக்கு உருவமாக அவர்கள் வைத்திருப்பது பிரிட்டிஷ் கடலோடி கேப்டன் குக்கை. கெல்லியைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் அசைத்தது இதுதான்.

மறுபக்கமும் உயிரோடு இருக்கிறது. மான்ஸ்ஃபீல்ட் ஊரில் கென்னடி, லோனிகன், ஸ்கேன்லன் மூவருக்கும் 1880-லேயே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள், எங்கள் பாட்டனைக் கொன்றவருக்கு ஆறு மீட்டர் சிலை, எங்கள் பாட்டனின் பெயர் யாருக்குமே தெரியாது என்று தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். ஸ்ட்ரிங்கிபார்க் ஓடையில் 2018-இல் புதுப்பித்த நினைவிடத்தில் போலீஸ்காரர்களின் கதைக்கே முதலிடம் கொடுத்தார்கள். சரியான முடிவு. கெல்லியின் மீது இரக்கம் கொள்வதற்கு கென்னடியின் மனைவியை மறக்க வேண்டியதில்லை. காட்டில் கணவர் கிடந்த இடம் தெரியவே அவர் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

கிரெட்டாவுக்குப் போனால் கல்லறையைப் பார்க்கலாமா என்று யாராவது அடுத்துக் கேட்கக்கூடும். தோட்டத்துக்குள் போகலாம். எந்த இடம் என்று காட்ட அங்கே கல் எதுவும் இல்லை. மண்டை ஓடு இன்றுவரை கிடைக்கவில்லை.